கேப்புக்கு வாரண்டி உண்டு, பல்லுக்கு?

கேப் ஒட்டிய மூன்றாம் நாள் காலை. பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளிக்கும்போது குழாய்த் தண்ணீர் அந்தப் பக்கம் பட்டதும் சுரீர் என்கிறது. மதியம் அப்பளத்தை நொறுக்கினால், மற்ற பற்கள் சேருவதற்கு முன்பே அந்த ஒரு பல் முந்திக்கொண்டு போய் மோதுகிறது. இரவுக்குள் நாக்கு அந்த இடத்தைப் பத்து முறை தடவிப் பார்த்துவிடுகிறது. ஆயிரக்கணக்கில் செலவாகிவிட்டது. கையில் கொடுத்த வழவழப்பான அட்டையில் பத்தாண்டு வாரண்டி என்று அச்சிட்டிருக்கிறது. வலித்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

அந்த அட்டை கேப்புக்கானது. ஜிர்கோனியா ஓடு உடைந்தாலோ விரிசல் விட்டாலோ மாற்றித் தருவதற்கானது. ஓட்டுக்கு அடியில் உயிரோடு இருக்கும் பல்லுக்கும் அந்த அட்டைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் காசு கொடுத்தவர் காப்பாற்ற வந்தது ஓட்டை அல்ல, பல்லை.

“புதுசா போட்டா அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாயிடும்.” வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைக்கும் ஆறுதல் இதுதான். இதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று நோயாளிக்கு யாரும் சொல்லிவைக்காததால்தான் ஒரு வாரத்தில் தீர வேண்டிய வலி ஒரு வருடம் நீள்கிறது.

முதலில் அந்த உண்மையான பாதி. கேப் போடுவதற்காகப் பல்லைச் சுற்றிலும் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் வரை சீவி எடுக்கிறார்கள். கேட்பதற்குச் சிறிய அளவு. டேனியல் எடெல்ஹாஃபும் ஜான் சோரன்சனும் மாதிரிப் பற்களைச் செதுக்கி எடைபோட்டு 2002-ல் வெளியிட்ட கணக்கு வேறு விதமாகப் பேசுகிறது. முன்பல்லுக்கு முழு கேப் போட, ஈறுக்கு வெளியே தெரியும் பல்லின் எடையில் 63 முதல் 72 சதவீதம் வரை போய்விடுகிறது. அழகுக்காக நல்ல பல்லைச் சீவிக்கொள்ள நினைப்பவர்கள், நாற்காலியில் சாய்வதற்கு முன் ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டிய எண் இது. சீவிய எனாமல் திரும்ப வளராது.

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் கெட்டியான கல் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள் அதில் ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் திரவம் இருக்கிறது. உள்முனையில் பல்லின் உயிர்த்திசுவான பற்கூழும் நரம்பும் காத்திருக்கின்றன. குளிர்ச்சி பட்டதும் அந்தத் திரவம் அசைகிறது, அந்த அசைவைத்தான் நரம்பு கூச்சமாக உணர்கிறது என்று 1960-களில் சோதனைகள் மூலம் காட்டியவர் சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். கேப்புக்காகச் சீவும்போது இந்தக் குழாய்களின் வாய் ஒட்டுமொத்தமாகத் திறந்துவிடுகிறது. அதற்கு மேல் வெப்பம் வேறு. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் ஏரோட்டர் என்ற சீவும் கருவி உரசினால் பல் சூடாகத்தான் செய்யும். பற்கூழின் வெப்பநிலை 5.5 டிகிரி செல்சியஸ் ஏறினாலே 15 சதவீதப் பற்களில் அது மீளாமல் செத்துப்போனதை, குரங்குகளில் செய்த பரிசோதனையில் ஜாக்கும் கோஹனும் 1965-ல் கண்டார்கள். சிகிச்சையின்போது வாயெல்லாம் நிரம்பி, உதவியாளர் உறிஞ்சிக்கொண்டே இருக்கும் அந்தத் தண்ணீர்ச் சாரல் தொந்தரவு அல்ல. பல்லின் உயிரைக் காப்பது அதுதான்.

இத்தனையும் தாங்கிய பல், அளவெடுப்பதையும் தற்காலிக கேப்பையும் அதைக் கழற்றும் இழுப்பையும் ஊதிக் காயவைக்கும் காற்றையும் கடைசியில் ஒட்டும் சிமென்டையும் சந்திக்கிறது. கொஞ்ச நாள் சிணுங்கினால் அதில் வியப்பில்லை. குளிர்ந்தது பட்டதும் சுரீரென்று வந்து, விழுங்கிய சில நொடிகளில் அடங்கும் கூச்சம், நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் பயப்பட வேண்டாம். சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில் போய்விடும்.

கடித்தால் வரும் வலி வேறு கதை. அதைப் பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

பல் எலும்பில் நேரடியாக நடப்பட்டதல்ல. வேருக்கும் எலும்புக்கும் நடுவில், ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலமே உள்ள நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. பல் அதில் ஊஞ்சல் போலத் தொங்குகிறது. சாதத்தில் ஒரு சிறு கல் கிடந்தாலும் காட்டிக்கொடுப்பது இந்தப் படலம்தான். தலைமுடியைவிட மெல்லிய தகட்டைக்கூடக் கடித்து உணர்ந்துவிடும் அளவுக்கு நுட்பமானது. புது கேப் அந்த அளவு உயர்ந்து நின்றால் போதும், ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் அந்தப் பல் மட்டும் அடி வாங்குகிறது. படலம் வீங்குகிறது. வீக்கத்தில் பல் இன்னும் சற்று மேலே எழும்பி, மேலும் அடி வாங்குகிறது.

இதைப் பார்க்கத்தான் அந்த நீலக் காகிதம். கார்பன் தாள் மாதிரி ஒரு துண்டைப் பற்களுக்கு நடுவில் வைத்து, “கடிங்க, கடிச்சு அரைங்க” என்பார் மருத்துவர். அதிகமாக மோதும் இடத்தில் நீலப் புள்ளி அழுத்தமாக விழும். அங்கே லேசாகத் தேய்ப்பார், மறுபடி கடிக்கச் சொல்வார். நாற்காலியில் இருப்பவர் நெடுநேரமாக வாயைத் திறந்து களைத்தவர் என்றால், அல்லது ஊசியில் பாதி வாய் மரத்துப் போயிருந்தால், அவருடைய வழக்கமான கடி எது என்று அவருக்கே தெரியாது. தாடையை ஒரு பக்கம் சாய்த்துக் கடித்துவிட்டு, “சரியா இருக்கு டாக்டர்” என்று சொல்லிவிட்டு இறங்குகிறார். உண்மையான கடி மாலையில், மரப்பு தெளிந்து இட்லியைப் பிட்டு வாயில் போடும்போதுதான் தெரியவருகிறது. அந்த நேரம் கிளினிக்கில் அவர் இல்லை.

ஆகவே மரப்பு தெளிந்த பிறகு இரண்டாம் முறை கடி பார்ப்பதைச் சிகிச்சையின் கடைசிக் கட்டமாகவே வைக்க வேண்டும். புகார் சொல்லி வருபவருக்கு மட்டும் காட்டும் தயவாக அது இருக்கக் கூடாது. ஐந்து நிமிட வேலை. ஜிர்கோனியாவைத் தேய்த்தால் அந்த இடத்தை மறுபடி பளபளப்பாக்க வேண்டும், இல்லையென்றால் சொரசொரப்பு எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்பதால் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளலாம். கேப்புக்கு வாங்கும் கட்டணத்திலேயே இது அடங்க வேண்டும், தேதியும் ஒட்டும் அன்றே எழுதிக் கொடுக்கப்பட வேண்டும்.

மூன்றாவது வகை வலி கவலைக்குரியது. சூடான காபிக்கு வலித்து, குடித்து முடித்த பிறகும் நிமிடக்கணக்கில் நிற்பது. ஒன்றும் செய்யாதபோதே விண்விண்ணென்று எழுவது. படுத்ததும் கூடுவது. ஐஸ் தண்ணீரை வாயில் வைத்தால் மட்டும் தேவலை என்று ஒருவர் நள்ளிரவில் ஃபிரிட்ஜைத் திறக்கிறார் என்றால், பெரும்பாலும் பற்கூழ் பிழைக்காத நிலைக்குப் போய்விட்டது. வேர் சிகிச்சைதான் வழி. கேப்பின் மேல் சிறு துளையிட்டே அதைப் பெரும்பாலும் செய்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. போட்ட கேப் வீணாகிவிடுமே என்று பயந்து நாள் கடத்துகிறார்கள்.

இது அரிதான விபத்தும் அல்ல. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் உயிருள்ள பற்களுக்குப் போட்ட கேப்புகளைத் தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், பத்தாண்டு முடிவில் பற்கூழ் உயிரோடு இருந்தவை நூற்றுக்குச் சுமார் 84. ஸ்காட்லாந்தில் 1998-ல் வெளியான ஆய்வில், வேர் சிகிச்சை செய்யாமல் கேப் போட்ட பற்களில் 19 சதவீதத்தில் வேர் நுனியைச் சுற்றி நோயின் அடையாளம் எக்ஸ்ரேயில் தெரிந்தது. இதற்கெல்லாம் கேப் போட்ட மருத்துவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேப் வரை வந்த பல் பெரும்பாலும் சொத்தை, பெரிய அடைப்பு, விரிசல் என்று ஏற்கெனவே அடிபட்டு வந்த பல். ஆனால் இப்படி நேரக்கூடும் என்று முன்னதாகச் சொல்லாமல் இருப்பது தவறுதான்.

இதே எண்ணைக் காட்டி, “பின்னாடி தொந்தரவு வேணாம், முன்னாடியே ரூட் கெனால் பண்ணிடலாம்” என்று சொல்லும் போக்கும் உண்டு. நூற்றுக்கு 84 பல் பிழைக்கும் என்றால், 16-க்குப் பயந்து நூறையும் கொல்வதா? சொத்தை நரம்பைத் தொட்டிருந்தால் சரி. சில வாரக் கூச்சத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் உயிருள்ள பல்லின் நரம்பை எடுப்பது ஏற்கத்தக்கதல்ல. நோயாளி தயங்காமல், “நரம்பு செத்துடுச்சா டாக்டர், எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்கலாம்.

வேர் சிகிச்சை செய்த பல்லுக்கு கேப் போட்டவர்களின் குழப்பம் வேறு. நரம்பே இல்லாத பல்லுக்குக் குளிர் தெரியாது. கூசுகிறதென்றால் பக்கத்துப் பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். கடித்தால் வலிக்கிறதென்றால் கடி உயரம், வேரில் விரிசல், அல்லது சுத்தம் செய்யாமல் விட்டுப்போன கால்வாய். மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவதாக ஒரு குறுகிய கால்வாய் ஒளிந்திருப்பது சாதாரணம்.

இதையெல்லாம் சொல்ல நோயாளி திரும்பிப் போக வேண்டுமே. போவதில்லை. மறுபடி பணம் கேட்பார்களோ என்ற பயம், குறை சொல்வதாக மருத்துவர் நினைப்பாரோ என்ற கூச்சம். மறு பக்கமாக மென்று பழகிக்கொள்கிறார்கள். மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்குகிறார்கள். கிராம்பை வைத்துக் கடிக்கிறார்கள். ஒட்டிய கேப்பைத் தாண்டி கிராம்பின் சாறு நரம்பை எட்டாது. உயர்ந்து நிற்கும் கேப்புக்கு அந்தக் கடியே இன்னோர் அடி.

சிகிச்சைக்கு ஒப்புக்கொள்ளும் முன் அதன் தன்மை, மாற்று வழிகள், ஆபத்துகள் பற்றிப் போதுமான தகவல் நோயாளிக்குத் தரப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பல் மருத்துவமனைகள் அதற்காகக் கட்டுக்கட்டாகப் படிவம் அடிக்கத் தேவையில்லை. வாரண்டி அட்டையின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. குளிர்ந்தது பட்டுச் சில நொடி கூசினால் பொறுங்கள், வாரம் செல்லச் செல்லக் குறைய வேண்டும். கடித்தால் வலித்தால் அடுத்த நாளே வாருங்கள், கட்டணம் இல்லை. சூட்டுக்கு வலித்து நின்றாலோ தூக்கத்தைக் கெடுத்தாலோ உடனே கூப்பிடுங்கள். இந்த மூன்று வரியைத் தமிழில் அச்சிட்டு, அதற்குக் கீழே கடி பார்க்க வர வேண்டிய தேதியையும் எடுத்துப் பேச ஆள் இருக்கும் ஒரு தொலைபேசி எண்ணையும் பேனாவில் எழுதித் தர இடம் போதும்.