ஏட்டிலே ஏறிய வயது

பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட படைவீரர்களுக்குத் தலைவர் அவர். அவர் ஆணையிட்டால் பீரங்கி முழங்கும்; அவர் காட்டிய திக்கிலே டாங்கி திரும்பும். ஆனால் ஓர் ஏடு மட்டும் அவர் சொல்லைக் கேட்க மறுத்துவிட்டது! நான் பிறந்தது 1951 மே 10 என்றார் தளபதி வி. கே. சிங். இல்லை, 1950 மே 10 என்றது இராணுவத்தின் ஏடு. பள்ளிச் சான்றிதழைக் காட்டினார். இராணுவத்தின் இன்னொரு பிரிவிலேயே 1951 என்று பதிவாகியிருப்பதைக் காட்டினார். பயனில்லை. 1950ஐ ஏற்றுக்கொள்வதாக அவரே முன்பு எழுதிக் கொடுத்த கடிதங்களைத் திருப்பிக் காட்டினார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2012 பிப்ரவரியிலே அவரே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவ்வாண்டு மே 31ஆம் நாள் ஓய்வு பெற்றார்.

தோழர்களே! தலைமைத் தளபதிக்கே இந்தக் கதி என்றால், தெருக் கூட்டும் தோழனுக்கு என்ன கதி? பஸ் ஓட்டும் தோழனுக்கு என்ன கதி? பள்ளிக்கூடத்திலே சத்துணவு சமைக்கும் அந்தத் தாய்க்கு என்ன கதி? தளபதிக்கு வாதாட வக்கீல்கள் இருந்தார்கள், பத்திரிகைகள் இருந்தன. நம் தோழனுக்கு இருப்பது ஒரு பழுப்பு நிறக் கவர்; அதற்குள்ளே, இந்த மாதக் கடைசி நாளோடு உமது பணி முடிகிறது என்ற நான்கு வரி! "ஐயா, எனக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறதே!" என்கிறான். "ஏடு அப்படிச் சொல்லவில்லையே, அப்பா!" என்கிறார் குமாஸ்தா.

ஏடு சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் ஏட்டுக்குச் சொன்னது யார்?

எண்ணிப் பாருங்கள். இன்று ஓய்வு பெறும் வயதிலே இருப்பவர்கள், 1965ஐ ஒட்டிப் பிறந்தவர்கள். பிறப்பு இறப்புப் பதிவுக்கு இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்ததே 1969இல்தான். குடிசையிலே பிறந்த குழந்தைக்கு மருத்துவச்சிதான் சாட்சி. தாயைக் கேட்டால், "தனுஷ்கோடியைக் கடல் கொண்டு போனதே, அதற்கு அடுத்த மாதம்" என்பாள். "இந்தியை எதிர்த்துப் பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்களே, அந்தத் தை மாதம்" என்பாள். அவள் கணக்கிலே பிழை இல்லை. தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது 1964 டிசம்பர், மொழிப் போர் மூண்டது 1965 ஜனவரி. ஆனால் தாயின் கணக்கை எந்த ஆபீஸ் ஏற்கும்?

பிள்ளையைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போனார்கள். வாத்தியார் என்ன செய்தார்? "கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடு" என்றார். தொட்டான், ஐந்து வயது முடிந்துவிட்டது என்று தீர்ப்பாயிற்று! ஜூனிலே பள்ளி திறப்பு. ஆகவே பிறந்தது மே மாதம் என்று எழுதினார். அதனால்தான் நம் நாட்டிலே மே மாதத்திலும் ஜூன் மாதத்திலும் இத்தனை பேர் பிறந்திருக்கிறார்கள்! சிரிப்பு வருகிறது அல்லவா? அந்த வாத்தியார் மீது எனக்குக் கோபமில்லை. அவர் வயது பார்த்து விரட்டியிருந்தால் பிள்ளை மாடு மேய்க்கப் போயிருப்பான். ஆனால் அன்று பள்ளியிலே சேர்ப்பதற்காகப் போட்ட எழுத்து, ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து அவன் அடுப்பை அணைக்கிற எழுத்தாகிறது. சிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது.

ஓலையிலே சாதகம் கணித்து வைத்திருந்த வீட்டுக்காரர்களும் தப்பவில்லை. சாதகத்தை நம்பாதீர் என்று நம் இயக்கம் சொன்னபோது எள்ளி நகைத்தவர்கள் உண்டு. வயதுக்குச் சான்றாகச் சாதகத்தை நீட்டினால், மிக வலுவற்ற சான்று என்று உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டு அரசு ஊழியர், பணியிலே சேர்ந்த ஐந்தாண்டுக்குள் பிறந்த தேதியைத் திருத்த மனுச் செய்ய வேண்டும். மத்திய அரசிலும் ஐந்தாண்டுதான். 1979இல் வந்த திருத்தம். அங்கே மேலும் இரண்டு நிபந்தனை: உண்மையிலேயே நேர்ந்த பிழையாக இருக்க வேண்டும், புதிய தேதியை வைத்துப் பார்த்தால், அன்று பரீட்சை எழுதவோ வேலையிலே சேரவோ தகுதியற்றவராக அவர் ஆகிவிடக் கூடாது. கர்நாடகத்திலே 1974ஆம் ஆண்டுச் சட்டம் தருவது மூன்றே ஆண்டு. அந்த மாநில வழக்கு ஒன்றிலே 2021இல் உச்சநீதிமன்றம் தெளிவாகக் கூறிற்று: தேதித் திருத்தம் என்பது உரிமையாகக் கேட்கக்கூடியதல்ல; அசைக்க முடியாத சான்று இருந்தாலும், காலங்கடந்து வந்தால் மறுக்கலாம்.

கொடுமை என்று கொதிக்கத் தோன்றும். கொதிப்பதற்கு முன்னே எதிர்த் தரப்பையும் கேட்போம். கேட்காமல் பேசுவது நம் மரபல்ல. 1993இல் தமிழ்நாட்டு உள்துறை சம்பந்தப்பட்ட வழக்கிலே உச்சநீதிமன்றம் சொன்ன காரணம் இது: ஒருவர் கடைசி நேரத்திலே இரண்டாண்டு நீட்டிப்புப் பெற்றால், அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காகப் பல்லாண்டு காத்திருப்பவர்கள் எல்லோரும் பாதிக்கப்படுகிறார்கள். மறுக்க முடியுமா? காத்திருப்பவனும் தொழிலாளிதானே! மேலும், வேலை கிடைப்பதற்காக வயதைக் கூட்டிச் சொன்னவன், ஓய்வு வரும்போது குறைத்துச் சொன்னால் எப்படி நியாயமாகும்? வாசலிலே ஒரு வயது, வெளியேறும்போது ஒரு வயது என்று இரண்டு வேடம் போடுகிறவனுக்கு நாம் கொடி பிடிக்கப் போவதில்லை.

ஆகவே கெடு வேண்டாம் என்பதல்ல நம் வாதம். கெடு என்று ஒன்று இருப்பது முறைதான். ஆனால், தன் ஏட்டிலே என்ன எழுதியிருக்கிறது என்று அறியாதவனுக்கு எப்படி ஐயா கெடு ஓடும்? பெரிய ஆபீசர் தம் பணிப் பதிவேட்டைப் பார்க்கிறார், படிக்கிறார், கையெழுத்திடுகிறார். துப்புரவுத் தோழன்? பெருவிரலை நீட்டு என்கிறார்கள், நீட்டுகிறான். மை ஒட்டுகிறது, அதற்கு மேலே இருந்த எழுத்து என்ன என்று எவரும் படித்துக் காட்டவில்லை. ஐந்தாண்டு ஓடிவிடுகிறது, முப்பதாண்டு கழித்து, "அப்போது ஏன் கேட்கவில்லை?" என்று கேட்கிறார்கள். பூட்டிய பீரோவுக்குள்ளே இருந்ததை அவன் எப்படிக் கேட்பான்?

வழி இல்லாமல் இல்லை. நிலக்கரிச் சுரங்கத்திலே ஒரு வழி கண்டார்கள். 1987இலே, சம்பள ஒப்பந்தத்தை ஒட்டி, ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவனுடைய பணிப் பதிவேட்டின் சாரத்தை எழுதிக் கையிலே கொடுத்தார்கள். "பார், பிழை இருந்தால் சொல்" என்றார்கள். பள்ளிச் சான்றிதழ் இருந்தால் அதன்படி. ஒன்றுமே இல்லாதவனுக்கு மருத்துவர்களை வைத்து வயது நிர்ணயம் என்று முறை வகுத்தார்கள். அதன் பிறகும் வாய் திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியிலே வந்தவனை நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அதிலே குறை சொல்ல நமக்கு வழியில்லை. சுரங்கத்தின் இருட்டிலே கொடுக்க முடிந்த தாளை, நகராட்சியின் வெளிச்சத்திலே கொடுக்க முடியாதா?

இன்னொரு பக்கமும் உண்டு; அதையும் தோழர்கள் மனத்திலே பதிய வைத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளி திருத்தக் கேட்டால் ஆயிரம் தடை. நிர்வாகம் தானாகவே தேதியை மாற்றி வீட்டுக்கு அனுப்பினால்? ஒரிசாவிலே அரசு மருத்துவராக இருந்த ஒரு பெண்மணி, 1910இல் பிறந்ததாகப் பதிவு. அரசு தானே 1907 என்று ஆக்கி, ஓய்வு என்று அறிவித்தது. அவர் போராடினார். 1967இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஒருவருடைய வாழ்வைப் பாதிக்கும் ஆணையை, அவர் தரப்பைக் கேட்காமல் இடக் கூடாது, நிர்வாக ஆணையாயினும் இயற்கை நீதிக்கு உட்பட்டதே. தமிழகத்திலே ஆட்சி மாற்றம் கண்ட அதே ஆண்டிலே கிடைத்த தீர்ப்பு அது. மேலாளர் மேசையைத் தட்டி, "உன் தேதியை மாற்றிவிட்டோம், போ" என்றால், போகாதே! "கேட்காமல் மாற்ற உமக்கு அதிகாரமில்லை" என்று நிமிர்ந்து சொல்.

எனவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: பணியிலே சேரும் ஒவ்வொருவருக்கும் பதிவேட்டின் முதல் பக்க நகலைக் கையிலே கொடு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்துப் படித்துக் காட்டு, கொடுத்த நாளிலிருந்து கெடு ஓடட்டும். இரண்டு: சேரும்போதே தொழிலாளி கொடுத்த சான்றிதழிலே ஒரு தேதி இருந்து, குமாஸ்தா பேனா சறுக்கி வேறு தேதி எழுதியிருந்தால், அது ஆபீஸ் செய்த பிழை, அதற்குக் கெடு பேசாதே. மூன்று: எந்தத் திருத்தமானாலும் இரு தரப்பையும் கேட்டுச் செய்.

கேட்பது அவர்களிடம். செய்ய வேண்டியது நம்மிடம் இருக்கிறது.

கிளைக் கழகத் தோழனே! உன் ஆலையிலே, டெப்போவிலே, நகராட்சியிலே புதிதாகச் சேர்ந்த தம்பிகள் எத்தனை பேர்? அவர்களைக் கூட்டு. பணிப் பதிவேட்டைப் பார்த்தாயா என்று கேள். பார்க்காதவனை மனு எழுத வை. மனுவுக்கு ரசீது வாங்க வை. வருங்கால வைப்பு நிதிக் கணக்கிலே என்ன தேதி, பள்ளிச் சான்றிதழிலே என்ன தேதி என்று ஒத்துப் பார்க்கச் சொல். ஆதார் அட்டை இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம். பிறந்த தேதிக்குச் சான்றாக அதை ஏற்பதை வைப்பு நிதி நிறுவனம் 2024 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. வீட்டிலே குழந்தை பிறந்தால் உடனே பதிவு செய்யச் சொல். 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்கு, பள்ளிக்கும் வேலைக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் ஆகியிருக்கிறது. நம் பேரப்பிள்ளைகளாவது காதைத் தொட்டு வயது காட்டாதிருக்கட்டும்!

தமிழ்நாட்டு அரசு ஊழியரின் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. ஒவ்வோர் ஆண்டு கூடும்போதும் மகிழ்ந்தோம். அந்த ஓராண்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அறிந்தவர்கள் நாம்: மகளின் திருமணம், மகனின் படிப்பு, கடைசிக் கடன் தவணை எல்லாம் அந்தப் பன்னிரண்டு மாதச் சம்பளத்திலே இருக்கின்றன. அப்படிப்பட்ட ஆண்டை ஒரு பேனா சறுக்கலுக்குப் பறிகொடுக்கலாமா?

வியர்வை சிந்தியவன் அவன். கணக்கு எழுதியவர் வேறொருவர். அந்தக் கணக்கைப் பார்க்கும் உரிமை அவனுக்கு உண்டு. ஓய்வு நாளன்று பார்ப்பதற்கல்ல. இன்றே, இப்போதே பார்ப்பதற்கு! ஏட்டைத் திறக்கச் சொல், தோழனே. திறக்கும் வரை கதவைத் தட்டு!