பெயரில் மட்டும் தமிழுக்கு ஏன் தடை?

கூகுள் கிளவுட் 2017 முதல் மும்பையிலேயே வட்டாரம் நடத்துகிறது. மாஹிமில் இருக்கும் தமிழ் ஆய்வு மாணவர் தம் நகரத்து மெய்நிகர் கணினியைக் கட்டளைவரியில் பெயர் சொல்லியே திறக்கலாம், நீக்கலாம். ஆனால் அப்பெயரில் ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், இடைக்கோடு தவிர வேறெதற்கும் இடமில்லை.

விளைவு அற்பமன்று. கலைச்சொல் தரவுக் கணினிக்குக் ‘கலை’ என்றும், பிழை களையும் கணினிக்குக் ‘களை’ என்றும் பெயரிட்டால், வழக்கமான உரோமன் எழுத்தில் இரண்டும் ஒன்றே. மொழியியலுக்கு லகர ளகரம் பொருள் வேறுபடுத்தும் ஒலியன்கள். இவ்விதிக்கோ அவ்வேறுபாடே இல்லை. எண் ஒட்டிப் பிரித்தால், எது எதுவென நினைவே காக்க வேண்டும். நினைவு பிசகினால் நீக்கற்கட்டளை கலையை அழித்துக் களையை விட்டுவைக்கும்.

இது தொழில்நுட்பக் கட்டாயம் என்பது வெற்றுச் சமாதானம். இவ்வரம்பு 1985இல் ஆர்எஃப்சி 952 ஆவணம் வகுத்தது. பிற எழுத்துகளை அதற்குள்ளேயே குறியேற்றும் பியூனிகோடு 2003இல் வந்துவிட்டது; .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகிய களப்பெயர்கள் அதன் வழியே இயங்குகின்றன. உள்ளே மாற்றிக்கொண்டு வெளியே தமிழைக் காட்டுவது மென்பொருளின் கடமை.

தமிழ்க் கணிமை ஆய்வுலகம் எழுத்துருவோடு நின்றுவிடாமல் இதையும் கோர வேண்டும்.