கண்மாய்க்குள் போன் எரிப்பதை நிறுத்துவோம்: நரிக்குடி வட்டார மக்களுக்கு ஒரு வேண்டுகோள்



நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறிவிட்டதா என்று பார்க்க, மிளகாய் விலை விசாரிக்க, திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற பிள்ளையின் முகத்தைப் பார்க்க என்று எல்லாவற்றுக்கும் செல்போன் வேண்டியிருக்கிறது. அதனால்தான் கேட்கிறோம்: உழைக்கிற போனைச் சீக்கிரம் தூக்கிப் போடாதீர்கள். உழைத்து ஓய்ந்த போனைக் கண்மாய்க்குள் எரிக்காதீர்கள்.

“போன் செத்துப்போச்சு” என்று பழுதுபார்க்க எங்களிடம் வருகிறவற்றில் பலவற்றுக்குக் கோளாறு பேட்டரியில்தான். பேட்டரி தேய்ந்தால் போன் திடீர் திடீரென்று அணையும். 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியே, பேட்டரி பழசான ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்ததாக ஒப்புக்கொண்டது. வாங்கியவர்களிடம் அதைச் சொல்லாததற்காக 2020-ல் பிரான்சில் 2.5 கோடி யூரோ அபராதம் கட்டியது. பேட்டரியை மாற்றினால் போதும் என்று தெரியாமல் எத்தனை பேர் புதுப் போன் வாங்கியிருப்பார்கள்!

மாற்றுவதற்கு உதிரிபாகமும் கிடைக்க வேண்டுமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் செல்போன்களுக்கு அப்படி ஒரு விதி இருக்கிறது. ஒரு மாடல் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்கு முக்கியமான உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். அங்கே கொடுக்கிற கம்பெனிகள் இங்கேயும் கொடுக்கட்டும். கடையில் கேமராவைப் பற்றி விசாரிக்கும்போதே, “ஸ்பேர் கிடைக்குமா, எத்தனை வருஷத்துக்கு அப்டேட் வரும்?” என்றும் கேளுங்கள். ‘வட்டியில்லாத் தவணை’ என்று சொன்னால் மயங்கிப் புதுப் போன் வாங்கிவிடாதீர்கள்; அப்படி ஒன்று கிடையாது என்பதை 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. கட்டணம் என்ற பேரில் வட்டி உள்ளே இருக்கும்.

எங்களை மிகவும் வருத்துவது கண்மாய்தான். சீமைக்கருவேலம் மண்டிய இடத்தில் செம்புக்காக வயரைக் கொளுத்துகிறார்கள். வயரின் பிளாஸ்டிக் உறை எரிந்தால் டையாக்சின் என்கிற கொடிய நஞ்சு வரும். பழைய சர்க்யூட் போர்டுகளின் பற்றவைப்பில் ஈயம் இருக்கிறது. ஐப்பசி மழை இறங்கினால் அந்தச் சாம்பல் எங்கே போகும்? நம் ஆடு மாடு குடிக்கிற தண்ணீருக்குத்தான். குண்டாற்றில் தண்ணீர் வராத வருஷமெல்லாம் பார்த்த நமக்கு, தேங்கிய கொஞ்சத் தண்ணீரையும் கெடுத்துக்கொள்ள எப்படி மனம் வருகிறது?

விற்ற பொருளை மறுசுழற்சி செய்யும் பொறுப்பு உற்பத்தி செய்தவருக்கே என்று 2022 மின்கழிவு விதிகள் சொல்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் அவை நடப்பில் இருக்கின்றன. நம் ஊர்ப் பழைய போன்கள் அந்த வழிக்குப் போய்ச் சேர ஓர் ஏற்பாடு வேண்டும். அக்டோபர் 2 கிராம சபைக்கு வாருங்கள். பழைய போன், பேட்டரி, வயரை வாங்கி வைக்க ஒவ்வோர் ஊராட்சியிலும் ஓரிடம், அங்கிருந்து பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்கு அனுப்ப வழி என்று தீர்மானம் போடச் சொல்லி எழுந்து கேளுங்கள்.

அதுவரை, பழைய பேட்டரிகளைப் பழுதுபார்க்கும் கடைகளில் கொடுங்கள். காசில்லாமல் வாங்கி வைக்கிறோம். உப்பிய பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ வேண்டாம், தீப்பிடிக்கும். பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பவும் வேண்டாம்.

இப்படிக்கு,
கண்மாய்ப் பாசன விவசாயிகள், செல்போன் பழுதுபார்ப்போர்,
நரிக்குடி வட்டாரம்