சாவிக்குள் ஒரு சாவி

சௌகரியங்கள் பெருகப் பெருக மனிதனுடைய சாமர்த்தியம் குறைந்துகொண்டே வருகிறது என்று சிலர் சொல்வதுண்டு. இந்தக் கட்சியை நாம் நெடுநாளாக மறுத்து வந்திருக்கிறோம். ஆனால், சென்ற சித்திரையில் ஒரு நாள், காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வெளியே, உச்சி வெயிலில் வெறுங்காலுடன் நின்றபோது, நாமும் அந்தக் கட்சியிலேயே சேர்ந்துவிடலாமா என்று தோன்றிற்று.

நடந்த சங்கதி இதுதான். குடும்ப சகிதமாகப் பெருமாளைச் சேவித்து, மனம் குளிர்ந்து வெளியே வந்தோம். காரின் அருகில் சென்று, சாவியிலுள்ள பொத்தானை அழுத்தினோம். வழக்கமாக ஒரு குரல் கொடுத்து, விளக்குகளைச் சிமிட்டி நம்மை வரவேற்கும் அந்தக் கார், அன்று மௌன விரதம் பூண்டிருந்தது. மெதுவாக அழுத்தினோம், பலமாக அழுத்தினோம், சாவியை வேஷ்டியில் துடைத்துவிட்டு அழுத்தினோம். விரதம் கலையவில்லை.

பாதரட்சைகள் எல்லாம் காருக்குள்ளே இருந்தன. காலை மாற்றி மாற்றி வைத்து நாம் ஆடிய நடனத்தைக் கண்டு குழந்தைகள் சிரித்தார்கள். ஆனால் நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனெனில், நம் தாயார் பகல் போஜனத்துக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டிய இன்ஸுலின் மருந்தும் காருக்குள்ளேதான் இருந்தது. 30 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் அந்த மருந்துக்கு ஆகாது. குளிர் காக்கும் பையில் வைத்திருந்தோம் என்றாலும், அடுப்புப்போல் கொதிக்கும் காருக்குள் அந்தப் பை எவ்வளவு நேரம் தாங்கும்? கையோடு எடுத்துச் செல்லாதது நம்முடைய பிழைதான்.

தாயார் காரை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏன் அப்பா, சாவி என்றால் துவாரத்தில் போட்டுத் திருகுவதுதானே? அந்தத் துவாரம் எங்கே?" என்று கேட்டார்.

"அம்மா, இது புது மாதிரிக் கார். இதற்குத் துவாரமும் இல்லை, திருகுகிற சாவியும் இல்லை" என்று நாம் சற்றுப் பெருமையுடனேயே பதில் சொன்னோம்.

பக்கத்தில் வாடகைக் கார் ஓட்டும் இளைஞர் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். "ஐயா, அந்தச் சாவியைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று வாங்கி, அதன் ஓரத்திலிருந்த சிறு தாழை நகத்தால் தள்ளினார். சாவிக்குள்ளிருந்து இன்னொரு சாவி வெளியே வந்தது! அசல் இரும்புச் சாவி. பிறகு ஓட்டுநர் பக்கத்துக் கைப்பிடியின் முனையிலிருந்த மூடியை, அதன் அடியில் உள்ள சிறு வெட்டில் சாவி நுனியைக் கொடுத்து மெல்ல நெம்பினார். மூடிக்குப் பின்னால், நாம் இல்லை என்று சத்தியம் செய்த துவாரம் இருந்தது. நாம் தாயாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

கதவு திறந்தது, உடனே கார் ஓலமிடத் தொடங்கியது. பொத்தானால் திறக்காமல் சாவியால் திறந்தால், சில கார்கள் திருடன் வந்துவிட்டதாக நினைத்துக் கூச்சலிடும். கோயிலிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் நம்மையே நோக்கினார்கள். இளைஞர் பதறவில்லை. பிரேக்கை மிதித்துக்கொண்டு, சாவியைக் கிளப்பும் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தச் சொன்னார். என்ஜின் ஓடியது, ஓலம் நின்றது.

பேட்டரி தீர்ந்த சாவிக்குக் கார் எவ்வாறு கீழ்ப்படிந்தது? சாவிக்குள் ஒரு சின்னஞ்சிறு சில்லு இருக்கிறது. காரிலுள்ள கம்பிச் சுருளின் காந்தப் புலத்துக்குள் அது வந்ததும், அதிலிருந்தே மின்சாரம் பெற்றுத் தன் இரகசிய எண்ணைத் தெரிவித்துவிடும். சாவியை எங்கே ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்பது காருக்குக் கார் வேறுபடும். காருடன் கொடுக்கும் கையேட்டில் அது அச்சிட்டிருக்கிறது. நம் வீட்டுக் கையேட்டின் உறை அன்றுவரை பிரிக்கப்படவில்லை.

பெரும்பாலும் குற்றம் சாவியின் பேட்டரியிலேதான் இருக்கும். அநேக சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் வில்லை: குறுக்களவு 20 மில்லிமீட்டர், கனம் 3.2 மில்லிமீட்டர், சக்தி 3 வோல்ட். சிற்றுண்டிச் செலவுக்குள் அது கிடைத்துவிடும். முன்போல் தூரத்திலிருந்து திறக்காமல், அருகே சென்றால் மட்டும் கதவு திறக்கிறதென்றால், மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறியலாம். காரின் 12 வோல்ட் பேட்டரியே தீர்ந்திருந்தாலும் ரிமோட் வேலை செய்யாது. அப்போதும் இரும்புச் சாவி கதவைத் திறக்கும். ஆனால் கார் கிளம்புவதற்கு வேறொரு பேட்டரியின் உதவி வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் விளையாட்டின்றிச் சொல்ல வேண்டும். பூட்டிய காருக்குள் குழந்தை அகப்பட்டுக்கொண்டால், இந்த உபாயங்களையெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கலாகாது. வெயிலில் நிற்கும் காரின் உள்வெப்பம் பத்தே நிமிஷத்தில் சுமார் 10 டிகிரி ஏறிவிடும். குழந்தையின் உடலோ பெரியவர்களுடைய உடலைக் காட்டிலும் மிக வேகமாகச் சூடேறும். சாவி உடனே உதவாவிட்டால், ஒருவர் 112-ஐ அழைக்கட்டும். மற்றொருவர் குழந்தைக்கு எட்டத்திலுள்ள பக்கக் கண்ணாடியை மூலையில் ஓங்கி அடித்து உடைக்கட்டும். முன் கண்ணாடி இரண்டு ஏடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது. அது எளிதில் வழிவிடாது. கண்ணாடியின் விலையைக் கணக்குப் பார்க்கும் நேரம் அதுவன்று.

நம்முடைய சோதனை அவ்வளவு கொடியதன்று. மருந்துப் பை இன்னும் குளிர்ச்சியாகவே இருந்தது. தாயாரும் வேளை தவறாமல் போஜனம் செய்தார். இளைஞர் பணம் வாங்க மறுத்துவிட்டார்.

நேயர்களுக்கு நாம் செய்துகொள்ளும் விண்ணப்பம் ஒன்றே. இன்று மாலை, அவசரம் ஏதுமில்லாத வேளையில், சாவிக்குள் இருக்கும் சாவியை வெளியே எடுத்துப் பாருங்கள்; துவாரத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஒருமுறை திருகிப் பாருங்கள். வீட்டில் கார் ஓட்டும் அனைவருக்கும் அதைக் காட்டிக் கொடுங்கள்.

வீடு திரும்பும் வழியில் தாயார் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. செங்கற்பட்டைத் தாண்டியதும், "புது மாதிரிக் கார்தான்" என்று மட்டும் சொன்னார்.