ஜிம் போவியின் கத்தி: சான்றும் புனைவும்

அமெரிக்க எல்லைப்புறத்தவரான ஜிம் போவியைப் பல கத்திச்சண்டைகளின் நாயகராகக் கதைகள் காட்டும். உறுதியான சான்றுடையது ஒன்றே: 1827 செப்டம்பர் 19 அன்று, நாட்செஸ் அருகே மிசிசிப்பி ஆற்று மணல்திட்டில் மூண்ட கைகலப்பு. பிறர் இருவரின் துப்பாக்கி ஒற்றைப்போர் காயமின்றி முடிந்த பின்னரே அது நிகழ்ந்தது. சுடப்பட்டும் குத்தப்பட்டும் கிடந்த போவி, நோரிஸ் ரைட்டைக் கத்தியால் கொன்றார்.

அக்கத்தி வேட்டைக்கெனத் தாம் செய்தது என்று தமையனார் ரெசின் 1838இல் இதழொன்றுக்கு எழுதினார்: நீளம் 9¼ அங்குலம், ஒருபக்கக் கூர், வளைவற்ற அலகு. திரைப்படங்களில் காணும் வளைமுனைக் கத்தியோடு இது பொருந்தாது. தம்பி அலாமோவில் மாண்டு ஈராண்டுக்குப்பின் எழுதப்பட்டமையால் இம்மடலையும் ஐயுற்றே கொள்ளல் வேண்டும். எனினும், குடும்பப் பெருமைக்காகப் புனைபவர் இத்துணை எளிய கத்தியையா படைத்திருப்பார்?