சாக்லேட் கூடியதா, குறைந்ததா?

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949-ல் வெளிவந்த ‘1984’ நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லாரும் டெலிஸ்கிரீனைத்தான் சொல்கிறார்கள். நாம் அதைப் பார்க்கலாம், அதுவும் நம்மைப் பார்க்கும். அணைக்கவே முடியாத டிவி! போதாததற்கு எங்கு திரும்பினாலும் மீசை வைத்த ‘பெரிய அண்ணன்’ போஸ்டர் வேறு. பயங்கரம்தான். ஆனால் என் கருத்து என்னன்னா, அதைவிடப் பயங்கரமானது சாக்லேட்.

சிரிக்காதீங்க. கதாநாயகன் வின்ஸ்டன் ஸ்மித்துக்கு ‘உண்மை அமைச்சக’த்தில் உத்தியோகம். பேருதான் உண்மை. பழைய செய்தித்தாள்களை மாற்றி எழுதுவதுதான் அவன் வேலை. சாக்லேட் ரேஷனைக் குறைக்க மாட்டோம் என்று அரசு வாக்குக் கொடுத்திருக்கும். பிறகு 30 கிராமை 20 ஆகக் குறைக்க முடிவு செய்யும். உடனே அந்த வாக்கையே பழைய பேப்பரில் மாற்றி அச்சடித்து, அசல் பிரதியை எரித்துவிடுவார்கள். அப்புறம் டெலிஸ்கிரீனில் ஒரு செய்தி: ரேஷனை வாரத்துக்கு 20 கிராமாக உயர்த்தியதற்கு மக்கள் நன்றி சொல்லி ஊர்வலம் போனார்களாம்! நேற்று 30 இருந்ததே என்று கேட்க ஒரு ஆள் இல்லை. தனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறதா என்று வின்ஸ்டன் திகைத்துப் போகிறான்.

இதெல்லாம் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. சோவியத் யூனியனில் ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த யெழோவ் 1940-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பிறகு ஸ்டாலின் பக்கத்தில் அவர் நின்ற போட்டோவிலிருந்தே அவரை அழித்துவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் தெரியும். லவ்ரெந்தி பெரியா 1953-ல் கொல்லப்பட்ட பின்பு, சோவியத் கலைக்களஞ்சியம் வாங்கியவர்களுக்குப் புதுப் பக்கங்கள் வந்தன. பெரியா பற்றிய பக்கங்களை வெட்டி எடுத்துவிட்டு, பெரிங் கடல் முதலான விஷயங்கள் உள்ள இவற்றை ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். (லைப்ரரி புக்கில் பிளேடு போடுறவங்க கவனிக்க!)

“தப்பு செய்யாதவன் கேமராவுக்கு ஏன் பயப்படணும்?” என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் அந்த நாட்டில் டைரி எழுதுவது சட்டப்படி குற்றமே இல்லை, ஏன்னா சட்டம் என்பதே கிடையாது. மாட்டினால் மட்டும் மரணம், அல்லது குறைந்தது 25 வருஷம் முகாம். எது தப்பு என்று தீர்மானிக்கிறவன் கையிலேயே பழைய பேப்பரும் இருந்தால், நேற்று சரியாக இருந்தது இன்றைக்குத் தப்பாகிவிடும். நான் ஒழுங்காகத்தான் இருந்தேன் என்று நிரூபிக்க ஒரு சாட்சிகூட மிஞ்சாது. வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர் பார்சன்ஸ் கட்சிக்கு அவ்வளவு விசுவாசமானவர். அவரும் மாட்டினார். தூக்கத்தில் ஏதோ உளறியதைச் சாவித் துவாரம் வழியாகக் கேட்டுக் காட்டிக் கொடுத்தது அவருடைய 7 வயது மகள். அந்த அப்பா அதற்காக மகளைப் பற்றிப் பெருமைப்படுகிறார்! அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. 2009-ல் அமேசான் நிறுவனம் கிண்டில் கருவியில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய சில மின்னூல்களைக் கேட்காமலே அழித்தது. விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், மன்னிப்பும் கேட்டார்கள். அழிக்கப்பட்டதில் ஒன்று எது தெரியுமா? இதே ‘1984’!

டைரி எழுதிய வின்ஸ்டனுக்கு என்ன ஆச்சு? அதை நான் சொல்ல மாட்டேன், படிச்சுத் தெரிஞ்சுக்கோங்க.