தானே ஆறிவிடும் என்னும் வாதம்

லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ், அதாவது நோயெதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்த ஒருவகைச் செல்கள் உறுப்புகளில் திரண்டு அவற்றைச் சிதைக்கும் நோய், தானே ஆறிவிடும் அழற்சியே என்பதால் குழந்தைகளுக்குக் கீமோதெரபி வேண்டாம் என்போர், ஒற்றை எலும்புப் புண்ணின் நல்ல போக்கை நோய் முழுவதற்கும் பொருத்திவிடுகின்றனர். 2010இல், ஆராயப்பட்ட திசுக்களில் பாதிக்கு மேற்பட்டவற்றில் புற்றுநோய்களிலும் காணப்படும் பிராஃப் மரபணுத் திரிபு கண்டறியப்பட்டபின் இதனை வெறும் அழற்சி என்பது பொருந்தாது; கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவை தாக்கப்பட்டு, தொடக்கச் சிகிச்சைக்கும் நோய் இணங்காத குழந்தைகளுக்கு இது உயிரையே பறிக்கக்கூடியது. அவ்வுறுப்புகள் தப்பியும் பல உறுப்புகளில் பரவிய நோயில்கூட, சிகிச்சையை 6 மாதத்திலிருந்து 12 மாதமாக நீட்டியபோது, ஐந்தாண்டுக்குள் நோய் மீளும் விகிதம் 54 விழுக்காட்டிலிருந்து 37 ஆகக் குறைந்ததை 2013இல் வெளியான பன்னாட்டு ஆய்வு காட்டியது. நோய் மீள்வதைச் சிறு இடையூறாகக் கருதுவது பெருந்தவறு. நோய் மீளும்போது பிட்யூட்டரி சுரப்பி தாக்கப்பட்டால் ஓயாத தாகமும் மிகுசிறுநீரும் கொண்ட, சர்க்கரையோடு தொடர்பற்ற நீரிழிவு தோன்றி, பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கிறது.